கையெழுத்தின் மேல் ஒரு கோடு

பர் துபாயில் சதக்கத்துல்லாவின் கடைக்கு வீரபாண்டி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தான். பிரிண்டர், ஸ்கேனர், ஜெராக்ஸ் மூன்றும் ஒன்றாய் அமைந்த மெஷின்களைப் பழுது பார்க்கும் கடை அது. அவன் மெஷின் எதுவும் கொண்டுவரவில்லை. பிளாஸ்டிக் உறையில் ஒரே ஒரு தாள் வைத்திருந்தான்.

வீரபாண்டி சிவகங்கைப் பக்கத்துக்காரன், துபாயில் லாரி டிரைவர். அவன் அக்காள் பானுமதியின் கணவர் சோலைமுத்து இங்கே ஒரு கட்டடக் கம்பெனியில் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். ஜூலை ஒன்பதாம் தேதி இறந்துபோனார். உடலை ஊருக்கு அனுப்பி எரித்து நாற்பது நாள் ஆகிவிட்டது. அவராகவே காலை பதினோரு மணிக்கு டியூட்டியை விட்டு ரூமுக்குப் போனார் என்றும், ரூமில் படுத்திருந்தவர் மதியம் ஒரு மணிக்கு மயங்கிக் கிடந்தார் என்றும் கம்பெனி சொன்னது. அதற்குச் சாட்சியாக அவர் கையெழுத்துப் போட்ட தாளின் நகலைக் கொடுத்தது. அந்த அலுவலக மெஷினில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில்தான் இந்தக் கடையின் முகவரியை வீரபாண்டி பார்த்திருந்தான்.

"அக்கா தினமும் ஒரே கேள்விதான் கேக்குது பாய்," என்றான். "முந்தின நாள் ரெண்டு பேருக்கும் போன்ல சண்டை. பதினோரு மணிக்கே ரூமுக்குப் போனவரு ஏன் எனக்கு ஒரு போன் பண்ணல, அவ்வளவு கோவமான்னு கேக்குது. நான் என்னத்தச் சொல்ல?"

தாளில் சாட்சியாகக் கையெழுத்திட்டிருந்தவர் ஃபோர்மேன் அஸ்கர் அலி. அந்த ஆள்தான் ஏதோ செய்துவிட்டான் என்பது வீரபாண்டியின் சந்தேகம். தாள் உண்மையானதுதானா என்று பார்த்துச் சொல்லக் கேட்டான்.

சதக்கத்துல்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை நெடுநேரம் பார்த்தார். கீழக்கரைக்காரர், அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவள் கடையின் கணக்கையும் போனையும் கவனித்துக்கொள்ளும் ருமைஸா. அவள் எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு விஷயம் சரியில்லை என்று உடனே சொன்னாள். கையெழுத்தின் கடைசி எழுத்தை வெட்டிக்கொண்டு மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று நேராக இறங்கியது. அது பேனா சறுக்கியதாக இருக்கலாம். இன்னொன்று எழுத்துப்பிழை. 'எனக்குச் சுகமில்லை. ஆனபடியால் இன்று வேளைக்கே அறைக்குப் போகிறேன்' என்று தமிழில் அச்சடித்திருந்தது. வேலைக்கே என்று அடிக்கப் போனவர்கள் ளகரத்தைப் போட்டுவிட்டார்கள் என்றாள்.

"வேலைக்கேன்னு திருத்திப் படிச்சுப் பாரு. அர்த்தம் வருதா?" என்று கேட்டார் சதக்கத்துல்லா.

அர்த்தம் வரவில்லை. சதக்கத்துல்லா தாளைக் கீழே வைத்தார். அந்த அலுவலகத்து மெஷினை நாம் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று மட்டும் கேட்டார். ருமைஸா சர்வீஸ் நோட்டைப் புரட்டினாள். ஜூலை ஆறாம் தேதி. எந்தத் தாளை ஸ்கேன் செய்தாலும் ஒரு கறுப்புக் கோடு விழுகிறது என்று அவர்கள் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒயிட்னர் துளியைச் சுரண்டி எடுத்ததாக அவர் கையாலேயே எழுதியிருந்தது.

அடுத்த வாரம் அந்த அலுவலகத்துக்கு டோனர் மாற்றப் போனவர், மெஷினில் என்னென்ன வேலை எப்போது நடந்தது என்று காட்டும் பட்டியலையும் பார்த்துவிட்டு வந்தார். பிறகு ஃபோர்மேன் அஸ்கர் அலிக்கும், அலுவலக கிளார்க் சுகிர்தனுக்கும் போன் செய்து, சோலைமுத்துவின் தாளைப் பற்றிப் பேச வேண்டும் என்று மறைக்காமல் சொல்லியே கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து இருவரும் வந்தார்கள். வீரபாண்டி அஸ்கர் அலியின் முகத்தைப் பார்க்கவே மறுத்து, வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

சதக்கத்துல்லா தாளை மேசைமேல் விரித்தார்.

"மெஷினோட மேல்தட்டில் தாளை வச்சா அது தானே இழுத்து ஸ்கேன் பண்ணும். உள்ளே கண்ணாடியில் அழுக்கு இருந்தா, தாளோட தலையிலிருந்து கால்வரை கோடு விழும். இங்கே பாருங்க, கோடு கையெழுத்து இருக்கிற ரெண்டு விரல் உயரத்துக்கு மட்டும் இருக்கு. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அப்படின்னா கையெழுத்தை வேறொரு தாளிலிருந்து வெட்டி எடுத்து இதில் ஒட்டியிருக்காங்க."

ருமைஸாவுக்கு அப்போதுதான் தேதி உறைத்தது. கோடு விழுந்ததெல்லாம் ஆறாம் தேதிக்கு முன்னால்தான் என்றும், ஒன்பதாம் தேதி போட்ட கையெழுத்தில் அது வர முடியாது என்றும் அவளே சொல்லி முடித்தாள்.

"மூணாவது, நேரம்," என்றார் அவர். "இந்தத் தாள் அச்சானது அன்னைக்கு மத்தியானம் ரெண்டு அம்பதுக்கு. அதுக்குள்ள சோலைமுத்து மவுத்தாயிட்டாரு. இறந்துபோனவரு எப்படிக் கையெழுத்துப் போடுவாரு?"

அஸ்கர் அலி மெல்ல இந்தியில் பேசினார். தமிழ் அவருக்குப் படிக்கத் தெரியாது. உடலை அனுப்புவதற்கான தாள் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். சோலைமுத்து ரூமுக்குப் போகவே இல்லை. வெளியில் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் தடுக்கிற உச்சிவெயில் நேரத்தில், கான்கிரீட் லாரி வருகிறதென்று மொட்டைத் தளத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். சற்று உட்காரட்டுமா என்று இரண்டு தடவை கேட்டார். இன்னும் அரை மணி நேரம் என்று சொன்னது தான்தான் என்று அஸ்கர் அலி ஒப்புக்கொண்டார். மேலிடம் அவருக்குச் சொல்லியிருந்ததும் அதுதான்.

"யாழ்ப்பாணத்துக்காரங்களோட நான் தோஹாவில், நஜ்மா ஏரியாவில், ஏழு வருஷம் இருந்தேன்," என்று சதக்கத்துல்லா தொடர்ந்தார். "அவங்க நேரத்தோடன்னு சொல்ல மாட்டாங்க. வேளைக்கேன்னு சொல்வாங்க. இந்தத் தாளில் இருக்கிறது பிழையில்லை. சோலைமுத்து ஊர்ப்பேச்சும் இல்லை."

சுகிர்தன் யாழ்ப்பாணத்துக்காரன். அந்த அலுவலகத்தில் தமிழ் அடிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"நான்தான் அண்ணை அடிச்சனான்," என்றான். "மனேஜர் சொன்னவர். சோலைமுத்து அண்ணையின்ரை பழைய லீவு பாரத்திலை இருந்து கையெழுத்தை எடுத்தனான். செய்யாட்டி விசாவை முடிச்சு அனுப்பிப்போடுவன் எண்டவர்."

யாரும் கேட்காமலே மீதியையும் சொன்னான். வேலை நேரத்தில் ஆட்களின் போன்களை அலுவலகப் பெட்டியில் பூட்டி வைப்பார்கள். சாவி அவனிடம் இருந்தது.

"கீழை கொண்டுவந்து கிடத்தின நேரம் அவருக்கு நினைவு இருந்தது. போன் கேட்டவர். வீட்டுக்கு ஒருக்கால் பேச வேணும் எண்டவர். அம்புலன்ஸ் வரட்டும், பிறகு தாறன் எண்டு சொல்லிப்போட்டன்."

வீரபாண்டி எழுந்து வெளியே போனான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வெயிலில் அவன் நிற்பது தெரிந்தது. யாரும் அவனை உள்ளே கூப்பிடவில்லை.

சுகிர்தன் அன்றே எல்லாவற்றையும் தன் கையால் எழுதிக் கொடுத்தான். தொழிலாளர் துறைக்குப் புகாரும் போயிற்று. அதிகாரிகள் வந்தபோது அலுவலகத்தில் புது மெஷின் இருந்தது. பழையதின் நினைவகத்தை அழித்து ஏலத்தில் தள்ளிவிட்டிருந்தார்கள். மேனேஜர் எதையும் எழுதித் தரவில்லை, வாயால் சொன்னதோடு சரி. போலித் தாள் தயாரித்தது கிளார்க்கின் சொந்த வேலை என்று கம்பெனி கைகழுவியது. சுகிர்தன் மேல் வழக்கு விழுந்தது. அஸ்கர் அலியை வேறு எமிரேட்டுக்கு மாற்றினார்கள்.

ருமைஸாவால் ஆறவில்லை. இன்னும் ஏதாவது செய்யலாம் காக்கா என்று, தான் அண்ணன் முறையாகக் கூப்பிடும் சதக்கத்துல்லாவிடம் நாளுக்கு நான்கு முறை சொன்னாள். சதக்கத்துல்லா ஏலக்கடைகளில் அந்த மெஷினைத் தேடி மூன்று வாரம் அலைந்தார். ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் கிடைத்தது, உதிரிபாகங்களாக. அதற்குப் பிறகு அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தீர்ப்பு ஏதாவது வந்தபிறகு அக்காவிடம் சொல்லலாம் என்று காத்திருந்த வீரபாண்டி, இனி எதுவும் வராது என்று தெரிந்ததும் ஒருநாள் மாலை கடையிலிருந்தே பேசினான். ரூமில் படுக்கவில்லை, வேலையில்தான் விழுந்தார் என்றான். கோபமெல்லாம் இல்லை, கடைசியில் உன்னிடம் பேசத்தான் போன் கேட்டார் என்றான். அதைக் கேட்டால் அக்காவுக்குக் கொஞ்சமாவது ஆறும் என்று அவன் நம்பியிருந்தான்.

 பானுமதி சொன்னாள்.

"அந்தச் சண்டையில அன்னைக்குப் பூரா நான் போனை அணைச்சு வச்சிருந்தேன்டா தம்பி. அவரும் கோவத்துல கூப்பிட்டிருக்க மாட்டாருன்னு நெனச்சுத்தான் இத்தன நாளு சோறு தின்னேன்."