ஒன்றரைச் செக்கன்

பால் விடாத பிளேன்டியில் யாரோ ஒரு வாய் குடித்திருந்தார்கள். ஸஹீத் கோப்பையைத் தூக்கிப் பார்த்தான். அவன் இன்னும் உதட்டில் வைக்கவில்லை. கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டவனும் அவன்தான். அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் அவனைத் தவிர ஈ காக்கை இல்லை.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை நேரம். கல்முனை கடையடைத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரிக் கணினிகளில் கை வைக்க ஆளில்லாத நேரம் அது ஒன்றுதான் என்று அவனே தெரிந்தெடுத்திருந்தான். நோயாளர் விபரமெல்லாம் சுமக்கும் சேர்வர் பழைய இயந்திரத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டத்தை நிறுத்தாமலே அதன் நினைவைத் துளித்துளியாகப் பிரதி எடுத்துப் பக்கத்திலிருந்த புதிய இயந்திரத்துக்குள் இறக்க வேண்டும். கடைசியில் ஒன்றரைச் செக்கன் மட்டும் மூச்சு நிற்கும். பிறகு அது புதிய இடத்தில் எழும், இடம் மாறியதே தெரியாமல். பழையதில் மிஞ்சுவதை அணைத்துவிட வேண்டியதுதான்.

"மூணாவது ஜும்ஆவையும் உட்டா கல்புல முத்திரை உழுந்திரும், சொல்லிட்டன்" என்று மனைவி றஸ்னா காலையில் சொன்னது அந்த இதயத்திலேயே முள்ளாய்க் கிடந்தது.

"இண்டைக்கு மட்டுந்தான்கா. மறுகா வந்து ஒண்டா இருந்து சாப்புடுவம்" என்று சமாளித்துவிட்டு வந்திருந்தான்.

இந்த வேலை தொடங்கி ஒரு மாதம். அவர்கள் ஒன்றாக இருந்து சாப்பிட்டும் ஒரு மாதம்.

திரையில் பிரதி நாற்பது வீதம். ஜன்னல் வழியே கருவாட்டு வாடையும், பள்ளி ஒலிபெருக்கியின் குத்பாப் பிரசங்கமும், வெயிலில் காயும் தகரத்தின் படபடப்பும் வந்துகொண்டிருந்தன. அறுபதில் வாடை போய்விட்டது. மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். எண்பதில் குத்பா தண்ணீருக்கடியிலிருந்து கேட்பதுபோல் மங்கி, நின்றது. தொண்ணூறில் கோப்பையைத் தொட்டான். ஆவி பறந்தது. சூடு தெரியவில்லை.

தொண்ணூற்றொன்பது.

விளக்கு ஒருதரம் சிமிட்டியது.

திரையில் பச்சை. வேலை முடிந்தது. ஜன்னலால் எட்டிப் பார்த்தான். கடைகள் திறந்திருந்தன. ஜும்ஆ எப்போது முடிந்தது? ஆட்கள் சத்தமே இல்லாமல் நடந்தார்கள். பயம் வந்தது. மேசைத் தொலைபேசியில் வீட்டுக்கு அழைத்தான்.

"ஆரு?"

"நான்தான் றஸ்னா. இந்தா வாறன்."

"ஹலோ? ஆரு?" பிறகு அவள் திரும்பி யாரிடமோ சொன்னாள். "இஞ்சேருங்க, ஆஸ்பத்திரியால கோல். ஒருத்தரும் கதைக்குதில்ல."

"வைகா, சோறு ஆறுது. சாப்புட்டுட்டுப் போய் அந்தப் பழைய மெசினை நிப்பாட்டணும்."

அது ஸஹீதின் குரல்.

கதவுக்கு ஓடினான். சட்டைப்பையில் சாவி இல்லை. தட்டினான். சத்தம் வரவில்லை. இனித் தன்னைத் தேட உலகத்தில் ஒருவருமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அழுதான். அதுவும் கேட்கவில்லை.

சாவி திரும்பியது.

தலையில் தொப்பி. தாடியில் ஒரு சோற்றுப் பருக்கை. வந்தவன் ஸஹீதின் விரித்த கைகளுக்கூடாக நடந்து, கதிரையில் அமர்ந்து, மிச்சப் பிளேன்டியைக் குடித்தான். பிறகு இறைவன் பெயரால் பிஸ்மி சொல்லி, பழைய இயந்திரத்தின் பொத்தானில் பெருவிரலை வைத்தான்.