ஏழாவது டப்பா

கயிறு இரண்டு முறை வெட்டி இழுபட்டது. தூக்கச் சொல்லும் சைகை அது. ஞானசிகாமணி மணலில் இரு கால்களையும் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கீழே நிலவறையிலிருந்து முதலில் துருப்பிடித்த தகர டப்பா ஒன்று வெளியே வந்தது. அதை மார்போடு கட்டிக்கொண்டு ஹெப்சிபா வந்தாள். அவள் கரையேறி அரை நிமிடம்கூட ஆகவில்லை, நிலவறையின் கூரை உள்ளே அமிழ்ந்தது. பெரிய சத்தம் ஏதும் இல்லை. சிவப்பு மணல் நாலாபக்கமிருந்தும் வழிந்து குழியை நிரப்பியது. அங்கே ஒரு பங்களா இருந்தது என்று இனி யாரும் நம்பமாட்டார்கள்.

"ஒம்பது" என்றாள் ஹெப்சிபா, வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு.

திருச்செந்தூருக்கு மேற்கே விரிந்து கிடக்கும் தேரிக்காடு அது. கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மணல் மேடுகள். காற்றடித்தால் இடம் மாறும் மேடுகள். முப்பதுகளில் வந்து, பிறகு தடமே இல்லாமல் போன ஒரு பேசும்படத்தின் கடைசிப் பிரதி இங்கே மணல் மூடிய ஒரு பங்களாவின் நிலவறையில் கிடக்கிறது என்று ஒரு பழைய கடிதத்திலிருந்து கண்டுபிடித்தவள் ஹெப்சிபா. சென்னையில் பழைய படச்சுருள்களைக் காக்கும் காப்பகம் ஒன்றில் வேலை. ஆறு வருடமாக இந்த ஒரு படத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். வழிகாட்ட வந்தவன் பால்துரை. பக்கத்து முந்திரித் தோப்பின் காவல்காரன். கண்ணாடி போட்டுக்கொண்டு நோட்டில் எழுதுகிறாள் என்பதற்காக ஹெப்சிபாவை அவன் டீச்சர் ஆக்கிவிட்டிருந்தான்.

டப்பாவுக்கு ஒரு சுருள், மூடியில் அதன் எண். ஒன்பது டப்பாக்களையும் கயிற்றுக் கட்டிலில் அடுக்கி, மூவரும் மாற்றி மாற்றிச் சுமந்து இரண்டு கிலோமீட்டர் நடந்தார்கள். செம்மண் தடம் முடியும் இடத்தில் கேரவன் நின்றது. சினிமாப் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. உள்ளே கட்டில், கண்ணாடி, கழிப்பறை, கூரையில் ஏசி, பின்னால் அதற்கென்றே ஒரு ஜெனரேட்டர். பதினாறு வருடமாக அதை ஓட்டுகிறவர் சிகாமணி. குளிர்ச்சி வேண்டும் என்பதற்காகத்தான் ஹெப்சிபா இந்த வண்டியை வாடகைக்குப் பிடித்தாள். அந்தக் காலத்துச் சுருள் வெடிமருந்துக்கு உறவுக்காரன். நல்ல நிலையில் இருந்தால் பரவாயில்லை. கெட்டுப்போன சுருள் நாற்பது டிகிரியை நெருங்கினால் தீக்குச்சியே வேண்டாம், தானாகப் பற்றிக்கொள்ளும். ஒன்று பற்றினால் பக்கத்தில் இருப்பதெல்லாம் போய்விடும்.

டப்பாக்களை அவள் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். எட்டு டப்பாக்களில் பழைய கற்பூர வாசனை. ஏழாவதில் மட்டும் மூக்கை அரிக்கும் புளித்த நெடி. அதையும் அவள் உள்ளேதான் வைத்தாள்.

முந்தைய நாள் மாலையே கேரவனின் பின்சக்கரங்கள் அச்சு வரை மணலில் இறங்கியிருந்தன. இழுக்க வேண்டிய டிராக்டர் மாலை ஐந்து மணிக்குத்தான் வரும். அப்போது காலை பத்து. உள்ளே இருபத்து மூன்று டிகிரி. சிகாமணி செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்தார். மூன்று நாளாகத் தூக்கம் கிடையாது.

பத்தரைக்கு ஏசி நின்றது.

சரியாகச் சொன்னால் முழுதாக நிற்கவில்லை. காற்று வந்தது, குளிர் வரவில்லை. கூரையில் கம்ப்ரசர் கிளம்பப் பார்த்து 'ம்ம்ம்' என்று முனகும். பிறகு 'டக்'கென்று அடங்கும். மூன்று நிமிடம் கழித்து மறுபடி முனகும்.

சிகாமணி கண்ணைத் திறக்காமலே சொன்னார், "ஜென் கரண்ட் பத்தல மேடம்."

கேரவன்காரர்கள் எல்லோருக்கும் பழகிப்போன வாய்ப்பாடு இது. நடிகரின் உதவியாளர் வந்து ஏசி வரவில்லை என்று கத்தினால், ஜெனரேட்டரின் மேல் பழியைப் போட வேண்டும். ஜெனரேட்டர் பதில் பேசாது. வண்டியைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று ஓட்டுநரை யாரும் கேட்கமாட்டார்கள். பதினாறு வருடம் பிறருக்குச் சொல்லிச் சொல்லி, சிகாமணிக்கே அது உண்மையாகியிருந்தது. எழுந்து நேராக ஜெனரேட்டரிடம் போனார். காற்று வடிகட்டியைக் கழற்றி உதறினார். டீசல் குழாயைப் பிரித்து அடைப்பு எடுத்தார். பெல்ட்டை இறுக்கினார். முழங்கை வரை எண்ணெய். இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. மீட்டரை வைத்து மின்சாரத்தை அளந்து பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. தெரிந்ததாக நினைக்கிறவன் எதற்கு அளக்கப் போகிறான்?

கடைசியில் அளந்தார். இருநூற்று இருபத்தெட்டு வோல்ட். ஜெனரேட்டரில் குறையே இல்லை.

உள்ளே முப்பத்து நான்கு டிகிரி. வெளியே வைக்கவும் வழியில்லை, நிழலிலேயே முப்பத்தொன்பது. ஈரச்சாக்கு சுற்றலாமா என்று பால்துரை கேட்டான். ஈரம் பட்டால் சுருள் கூழாகிவிடும் என்று ஹெப்சிபா மறுத்துவிட்டாள். அவள் சிகாமணியைப் பார்க்கவில்லை. வெப்பமானியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிகாமணி கூரையில் ஏறினார். தகரம் தோசைக்கல்லாகக் கொதித்தது. சாக்கை விரித்து மண்டியிட்டு ஏசியின் மூடியைக் கழற்றினார். சூட்டை வெளியேற்றும் தகடுகளுக்கு நடுவே தேரி மணல் அப்பியிருந்தது. பிரஷ்ஷால் தள்ளிச் சுத்தம் செய்தார். கீழே குனிந்து ஏசியைப் போடச் சொன்னார். ம்ம்ம், டக்.

ஓரத்தில் இருந்த சிறிய மின்பெட்டியைத் திறந்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. கம்ப்ரசருக்கு உந்துவிசை கொடுக்கும் கெப்பாசிட்டர் தலை உப்பி, எண்ணெய் கசிந்து கிடந்தது. வரும் வழியில் மதுரை தாண்டும்போதே இந்த முனகல் கேட்டது. அப்போதும் வாய் தானாக ஜென் என்றது. மதுரையில் எந்தக் கடையிலும் கிடைக்கும் சாமான்.

கீழே இறங்கி அதைப் பால்துரையிடம் காட்டினார். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இந்த மாதிரி டப்பி எங்க தோப்பு மோட்டார் பெட்டியில ரெண்டு கெடக்கு அண்ணாச்சி. ஒண்ணு கருப்பு, ஒண்ணு வெள்ளி."

"எவ்வளவு தூரம்?"

"மூணு கிலோமீட்டர். ரோட்டுல போனா. நம்ம போறது ரோடு இல்லயே."

பிறகு அவன் தலையைச் சொறிந்தான். தோப்பில் இரண்டாயிரம் ஒட்டுக்கன்று நட்டு ஒரு வாரம்தான் ஆகிறதாம். நாளை காலை தண்ணீர் பாயாவிட்டால் கன்றும் காயும், தன் வேலையும் போகும் என்றான். விடிவதற்குள் புதிது வாங்கித் தந்துவிடுவதாகச் சிகாமணி சொன்னார். பால்துரை துண்டை உதறினான்.

"ஜென்செட்டுன்னு சொன்ன வாய்தான இதுவும்" என்றான். ஆனாலும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினான்.

ஹெப்சிபா டப்பாக்களுக்குக் காவலாக இருந்தாள். கிளம்பும்போது சிகாமணி அவளிடம் ஏழாவதை இப்போதே வெளியே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றார். அவள் கேட்டது ஒன்றுதான்.

"உங்களால எத்தனை மணிக்குத் திரும்ப முடியும்ணே?"

"மூணு."

"அப்ப மூணு வரைக்கும் உள்ளதான் இருக்கும்."

தேரியில் நடப்பது ஓர் அடி வைத்து அரை அடி சறுக்குவது. பால்துரை பனைமட்டைச் செருப்பில் தட்டையாகக் கால் வைத்துப் போனான். சிகாமணியின் ரப்பர் செருப்பு வார் இரண்டாவது மேட்டிலேயே அறுந்தது. கிழிந்த துணியைக் காலில் சுற்றிக்கொண்டு நடந்தார். தொலைவில் தண்ணீர் தெரிந்தது. அது தண்ணீர் இல்லை என்று இருவருக்கும் தெரியும். மூன்றாவது மேட்டில் பால்துரை நின்றுவிட்டான். நேற்று அடையாளத்துக்கு வைத்திருந்த ஒற்றைப் பனங்கன்று இன்று பாதி மணலுக்குள் போயிருந்தது. கொஞ்ச நேரம் காற்றை முகத்தில் வாங்கி நின்று, தெற்கே திரும்பினான். சிகாமணி விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். அங்கேயே கிடந்துவிடலாம் போல இருந்தது. 'மூணு' என்று தான் சொன்னது மட்டும் எறும்பு மாதிரி காதுக்குள் ஊர்ந்தது.

தோப்பின் பம்பு அறையில் அணில் ஒன்று குதித்து ஓடியது. சிகாமணி மெயின் சுவிட்சை அணைத்தார். ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்து வெள்ளி டப்பியின் இரு முனைகளையும் தொட்டார். 'பட்'டென்று நீலப் பொறி பறந்தது. பால்துரை இரண்டடி பின்னால் போனான். மிச்சமிருந்த மின்சாரம் இறங்கிவிட்டது. கருப்பு டப்பி மோட்டாரைக் கிளப்புவதற்கு மட்டும். அதைப் போட்டால் ஏசியே வெந்துவிடும். வெள்ளிதான் வேண்டும். கேரவனில் இருந்ததன் அளவு நாற்பது, இதில் முப்பத்தாறு என்று எழுதியிருந்தது. போதும். சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியில் கடைசி மேட்டில் ஏறியபோது மூன்றே கால்.

கேரவனின் கதவு திறந்திருந்தது. ஹெப்சிபா வெளியே ஓடிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் துணி சுற்றி, கையை நீட்டிப் பிடித்த நிலையில் டப்பா. மூடி இடுக்கிலிருந்து மஞ்சள் புகை. இருபது முப்பது அடி ஓடி, பள்ளத்தை நோக்கி வீசிவிட்டுக் குப்புற விழுந்தாள்.

டப்பா மணலைத் தொட்டதும் தீ எழுந்தது. ஆள் உயரத்துக்கு, கண் கூசும் வெள்ளைத் தீ. சிகாமணி மேட்டிலிருந்து உருண்டு இறங்கினார். பால்துரை இரு கைகளாலும் மணலை வாரி இறைத்தான். தீ மணலுக்கடியிலும் எரிந்தது. காற்றே தேவையில்லாத நெருப்பு. அது சீறிச் சீறி, தானாகத் தீர்ந்து அடங்கியது. பள்ளத்தில் கறுத்த தகரமும் கண்ணாடியாக உருகிய மணலும் மிஞ்சின.

"உள்ள முப்பத்தெட்டு" என்றாள் ஹெப்சிபா, எழுந்திருக்காமலே. "மத்தது எட்டும் இருக்கு. போங்க."

சிகாமணி கூரையில் ஏறினார். இரண்டு ஒயர், ஒரு பட்டை, ஒரு திருகு. கீழே பால்துரை சுவிட்சைப் போட்டான். ம்ம் என்று தொடங்கிய முனகல் இந்த முறை அறுபடவில்லை. கனத்த உறுமலாக மாறிக் கூரை அதிர்ந்தது. தகடுகளிலிருந்து சூடான காற்று அவர் முகத்தில் அடித்தது. அப்படியே மூடியின்மேல் தலையைச் சாய்த்துச் சற்று நேரம் கிடந்தார்.

இறங்கியபோது உள்ளே முப்பத்தைந்துக்கு வந்திருந்தது. ஹெப்சிபாவின் வலது முன்கையில் தோல் சிவந்து பொங்கியிருந்தது. சிகாமணி குடத்துத் தண்ணீரை மெதுவாக அதன்மேல் ஊற்றினார்.

"ஜென்னுல ஒண்ணுமே இல்ல மேடம். மதுரையிலயே இந்தச் சத்தம் கேட்டுச்சு. பார்க்காம விட்டது நான்தான்."

அவள் தண்ணீருக்குக் கையைத் திருப்பிக் காட்டினாள்.

"காலையில ரெண்டு மணி நேரம் அதுல போச்சுண்ணே. அந்த ரெண்டு மணி நேரம் இருந்திருந்தா ஏழாவதும் இருந்திருக்கும்."

அவர் குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரையும் ஊற்றினார்.

ஐந்தரைக்கு டிராக்டர் வந்து வண்டியை இழுத்துவிட்டது. திருச்செந்தூரில் சிகாமணி புது கெப்பாசிட்டர் வாங்கி, பால்துரையின் கையில் கொடுத்து, எந்த முனையில் எந்த ஒயர் என்று மூன்று முறை சொல்லிப் பேருந்தில் ஏற்றினார். மறுநாள் காலை பால்துரையிடமிருந்து அழைப்பு வந்தது. தண்ணீர் பாய்கிறது என்று மட்டும் சொன்னான்.

எட்டு டப்பாக்களும் சென்னை போய்ச் சேர்ந்தன. காப்பகத்தில் கைதட்டினார்கள், மாலை போட்டார்கள், பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். எல்லோரும் போனபின் ஹெப்சிபா சிகாமணியை உள்ளே கூப்பிட்டாள். கட்டுப் போட்ட கையோடு ஆறாவது சுருளின் கடைசி அடியை வெளிச்ச மேசையில் விரித்தாள். எண்பது வருடத்துக்குப் பிறகு அதைப் பார்க்கும் மூன்றாவதோ நான்காவதோ ஆள் அவர். குதிரைமேல் ஒரு பெண், வாளோடு, ஆற்றைக் கடக்கிறாள். அடுத்து எட்டாவது சுருளின் முதல் அடி. அதே பெண் கைவிலங்கோடு சிறையில் உட்கார்ந்திருக்கிறாள்.

சிகாமணி குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்படி மாட்டினா?"

"தெரியாதுண்ணே" என்றாள் ஹெப்சிபா. "இனிமே யாருக்கும் தெரியாது."