கமலாசனி அம்மா இறங்கிய ஊர்

வவுனியாப் புகையிரத நிலையத்துக்கு எதிரே றவூப்பின் தேநீர்க் கடை இருந்தது. சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் இல்லை. அதனால் அவருடைய மகள் ஜொஹறா அன்று கடையில் நிற்பாள். கோப்பை கழுவுவது அவளுடைய வேலை. கடைக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து, அவர்கள் எதற்காக வந்தவர்கள் என்று ஊகிப்பது அவளுடைய விளையாட்டு. பத்து வயதுக்கு அவள் அதில் பெரிய கெட்டிக்காரி.

ஆனால் ஒரு சனிக்கிழமை ஒன்பதரை மணி ரயிலில் வந்து இறங்கிய அம்மாவை அவளால் ஊகிக்கவே முடியவில்லை.

வெள்ளைச் சேலை. காலில் கான்வஸ் சப்பாத்து. தலையில் ஆண்கள் போடுகிற வெயில் தொப்பி! தோளில் ஒரு தோற்பை. அவர் கடைக்குள் வந்து கதிரையில் இருப்பதற்குள் கைமணிக்கூட்டை மூன்று தரம் பார்த்துவிட்டார்.

"பால் தேத்தண்ணி ஒண்டு. சீனி குறைச்சுப் போடுங்கோ," என்றார்.

றவூப் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். "அம்மா ஆர் வீட்டுக்கு வந்தனீங்கள்?"

"ஆரின்ர வீட்டுக்கும் இல்லை. ஊர் பாக்க வந்தனான்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வவுனியாவுக்கு நெல் விற்க வருவார்கள். அரசாங்க அலுவலாகக் கச்சேரிக்கு வருவார்கள். ஊர் பார்க்க வந்தவரை அவர்கள் அதுவரை கண்டதில்லை.

"வழி கிழி சொல்லோணுமோ அம்மா?" என்று றவூப் கேட்டார்.

"வேண்டாம். நான் முப்பத்தொரு நகரம் பாத்தனான். ஓரிடத்திலயும் வழி கேக்கேல்லை. கையில படம் இருக்கு, உடம்பில கால் இருக்கு. பிறகென்ன?"

மடமடவென்று தேநீரைக் குடித்துவிட்டு அவர் புறப்பட்டுப் போனார். கதிரையில் சாய்த்து வைத்த குடையை மறந்துவிட்டார்.

"மகள், ஓடிப்போய்க் குடுத்திட்டு வா!" என்றார் றவூப்.

ஜொஹறா ஓடினாள். சந்தியில் அவரைப் பிடித்துக் குடையைக் கொடுத்தாள்.

"நல்ல பிள்ளை! உனக்கு என்ன பேர்?"

"ஜொஹறா."

"நான் கமலாசனி. பினாங்கில பிறந்து, அங்கயே நேர்ஸா இருந்தனான். போன வருசம்தான் வேலையை விட்டனான். இப்ப ஊர் ஊராப் போறன். நீ உங்கட நூதனசாலையைப் பாத்திருக்கிறியோ?"

ஜொஹறா யோசித்தாள். அப்படி ஒரு பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

"நூல் விக்கிற கடையோ அம்மா? அது சந்தைக்குப் பக்கத்தில இருக்கு."

கமலாசனி அம்மா தொப்பி ஆடும்படி சிரித்தார். "இல்லையடி பிள்ளை. பழைய காலத்துச் சாமானெல்லாம் வைச்சிருக்கிற இடம். ராசாவின்ர வாள், அந்த நாளையில புழங்கின பானை, கல்லில செதுக்கின சிலை. இந்த ஊரிலயே இருந்துகொண்டு நீ பாக்கேல்லையோ? சரி, என்னோட வா. உன்ர ஊரை நான் உனக்குக் காட்டுறன்."

ஜொஹறா திரும்பிக் கடையைப் பார்த்தாள். வாசலில் நின்ற றவூப், போய் வா என்று கையைக் காட்டினார். வழி தெரியாத அம்மாவுக்கு மகள் துணையாகப் போகிறாள் என்று அவர் நினைத்தார்.

அம்மா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். பென்சிலால் வரைந்த படம் அது.

"இது என்ர சிநேகிதி நாகேஸ்வரி கீறி அனுப்பினது. அவள் கண்டியில இருக்கிறாள். இண்டைக்கு ஒரு மணிக்கு நூதனசாலை வாசலில என்னைப் பாக்க வாறாள். அதுக்குள்ள மற்ற இடங்களைப் பாத்து முடிப்பம். முதல்ல குளம்."

கொஞ்ச நேரம் நடந்தார்கள். குளம் வந்தது.

"பாத்தியோ! ஒருத்தரையும் கேக்காமல் வந்து சேந்திட்டம்," என்றார் அம்மா பெருமையாக. "இது ராசா வெட்டின குளம். எத்தினையோ நூறு வருசம் பழசு."

ஜொஹறாவுக்கு அது எருமைகள் குளிக்கிற குளம் என்றுதான் தெரியும். ராசா வெட்டியதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. தண்ணீருக்குள் கிடந்த எருமை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. அதற்கும் அது புதுச் செய்திதான் போலிருந்தது.

"அடுத்தது ராசாவின்ர பூங்கா," என்றார் அம்மா.

குளக்கட்டைத் தாண்டினால் காட்டு இலாகாக் கந்தோரின் நாற்றுமேடை. தேக்கங்கன்றுகள் வரிசை வரிசையாக நின்றன. அம்மா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவருடைய நெற்றி சுருங்கியது.

"பூவைக் காணேல்லையே?"

"இது தேக்கங்கண்டு அம்மா. மழை வந்த உடன கொண்டுபோய்க் காட்டில நடுவினம்."

"ராசாவின்ர பூங்காவில தேக்கோ?" அம்மா படத்தைப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். "இந்த வருசம் பூங்காவைத் திருத்துகினமாக்கும். சரி, தூண்களைப் போய்ப் பாப்பம். கல்லுத் தூண் மட்டும் ஆயிரத்து அறுநூறு இருக்காம்."

ஆயிரத்து அறுநூறு தூண்களா? ஜொஹறாவுக்குத் தலை சுற்றியது. இத்தனை நாளும் அவற்றைக் காணாமல் எப்படித் திரிந்தாள்?

தெருத் திருப்பத்தில் ஒரு வெறும் காணி. அதில் கூரை இல்லாமல் தூண்கள் நின்றன. அம்மா அப்படியே நின்று, தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"என்ன பழமை! என்ன அமைதி!"

ஜொஹறா எண்ணினாள். பதினான்கு தூண்கள் இருந்தன.

"மிச்சம் எங்க அம்மா?"

"காலத்தில அழிஞ்சு போயிருக்கும்."

"ஆனா அம்மா, இது நெல்லுக் களஞ்சியம் கட்டுறதுக்குப் போட்ட தூண். என்ர மாமாவும் இங்க சீமெந்து குழைச்சவர். போன மாசம்."

அம்மா ஒரு தூணைத் தொட்டுப் பார்த்தார். விரலில் சாம்பல் நிறத் தூள் ஒட்டியது. விரலையும் தூணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை," என்றார் மெதுவாக. பிறகு தலையை நிமிர்த்தினார். "இதுவும் திருத்த வேலைதான். ஆயிரம் வருசத்துக்கு மேல ராசாக்கள் இருந்த நகரமெல்லோ! அனுராதபுரம் எண்டால் சும்மாவோ?"

ஜொஹறா சட்டென்று நின்றாள்.

அனுராதபுரமா?

அம்மாவின் முகத்தில் சந்தேகம் துளியும் இல்லை. அதனால் சந்தேகம் முழுவதும் ஜொஹறாவுக்கு வந்துவிட்டது. முப்பத்தொரு நகரம் பார்த்தவர் பிழையாகச் சொல்வாரா? அவளையே பள்ளிக்கூடத்தில் ஜொஹறா என்கிறார்கள், வீட்டில் சின்னப்பொண்ணு என்கிறார்கள். ஓர் ஆளுக்கு இரண்டு பெயர் இருந்தால், ஓர் ஊருக்கும் இருக்கலாம்தானே? வவுனியாவின் மற்றப் பெயர் அனுராதபுரமோ?

அப்போது அவளுக்குச் சிவப்பு பஸ் ஞாபகம் வந்தது. நெற்றியில் 'அனுராதபுரம்' என்று எழுதிய பஸ். ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்குக் கடைக்கு முன்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். பின்னேரம்தான் திரும்பும். இந்த ஊருக்கு வருவதற்காக யாராவது இந்த ஊரிலிருந்து பஸ் ஏறுவார்களா?

மாட்டார்கள். இது வவுனியாதான். அம்மாதான் மாறி இறங்கிவிட்டார்!

ஆனால் அதை எப்படிச் சொல்வது? போன கிழமை வகுப்பில் ஜொஹறா எழுந்து நின்று, பெரிய சத்தமாக ஒரு பிழையான விடை சொன்னாள். "பிழை!" என்று நாலைந்து பேர் ஒன்றாகக் கத்தினார்கள். அன்று முழுவதும் அவளுடைய காது சுட்டுக்கொண்டே இருந்தது. இந்த அம்மாவின் காதும் அப்படிச் சுட வேண்டாம் என்று அவள் நினைத்தாள்.

"அம்மா, இந்தப் பக்கம் ஒருக்கா வருவீங்களோ?"

அவரைக் கூட்டிக்கொண்டு தபாற்கந்தோருக்கு முன்னால் போனாள்.

"அந்தப் பலகையில என்ன எழுதியிருக்கு எண்டு வாசிச்சுக் காட்டுங்கோவன்."

"அதுக்கென்ன," என்று அம்மா உற்சாகமாகத் தொடங்கினார். "தபாற்கந்தோர், வவு..."

அவருடைய குரல் நின்றுவிட்டது. இன்னொரு தரம் உதடு அசையாமல் வாசித்தார். பிறகு தபாற்கந்தோர்ப் படியில் மெல்ல உட்கார்ந்தார்.

"பிள்ளை, உனக்கு இது எப்ப தெரிஞ்சது?"

"இப்பதான் அம்மா. தூணடியில."

"என்னைப் பாத்துச் சிரிச்சிருக்கலாமே?"

ஜொஹறா தலையை இல்லை என்று ஆட்டினாள்.

"மதவாச்சியில ரயில் மாற இறங்கினன். ரெண்டு ரயில் நிண்டது," என்றார் அம்மா. "ஒண்டு தெற்குக்கு, ஒண்டு வடக்குக்கு. அரை மணித்தியாலத்தில அனுராதபுரம் எண்டு புத்தகத்தில பாத்தனான். ஒண்டில ஏறினன். அரை மணித்தியாலத்தில இறங்கினன். எது எந்தப் பக்கம் போகுது எண்டு ஒரு ஆளையும் கேக்கேல்லை. ஊர்ப் பலகையைக்கூட நிமிந்து பாக்கேல்லை."

தொப்பியை மடியில் வைத்து அதன் விளிம்பைத் தடவினார்.

"உலகச் சண்டைக் காலத்தில பினாங்கில குண்டு போட்டவங்கள். நானும் நாகேஸ்வரியும் ஒரே ஆசுப்பத்திரி. ரெண்டு பேரும் ஒண்டாக் கப்பலேறுறது எண்டு பேசி வைச்சனாங்கள். நான் பிந்திப் போனன். கப்பல் போயிட்டுது. அவள் எனக்காகக் கப்பல் படியில கடைசி மட்டும் நிண்டவளாம். அதுக்குப் பிறகு பதினெட்டு வருசம், நாங்கள் ஆளையாள் காணேல்லை. இந்த முறை பிந்த மாட்டன் எண்டு கடிதத்தில எழுதினனான். ரெண்டு மணிக்கு அவளுக்குக் கண்டி பஸ். இண்டைக்கும் நிண்டு பாத்திட்டுப் போகப்போறாள்."

ஜொஹறா அவருடைய கைமணிக்கூட்டை எட்டிப் பார்த்தாள். பத்தே முக்கால். பஸ் போய்விட்டது. அடுத்த ரயில் பின்னேரம்தான்.

வேறு என்ன வழி? கடைக்கு வருகிற முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். யார் எங்கே போகிறவர்? நெல் வியாபாரி மன்னாருக்கு. மீன்காரர் முல்லைத்தீவுக்கு. பலகை லொறி இளையதம்பி அண்ணை...

"அம்மா! இளையதம்பி அண்ணை சனிக்கிழமையில அனுராதபுரத்துக்குப் பலகை ஏத்துறவர். பதினொரு மணிக்கு எங்கட கடையில தேத்தண்ணி குடிக்க நிப்பாட்டுவார்! வாங்கோ!"

அம்மா துள்ளி எழுந்தார். இரண்டு அடி நடந்த ஜொஹறா உடனே திரும்பினாள்.

"லொறி பிந்தினால்? முதல்ல அவவுக்கு ஒரு தந்தி அடிப்பம்."

தபாலதிபர் சிற்றம்பலம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "விலாசம்?"

"நாகேஸ்வரி, நூதனசாலை வாசல், அனுராதபுரம்," என்றாள் ஜொஹறா.

"வாசலில நிக்கிற ஆளுக்குத் தந்தியோ? கதவிலக்கம் இல்லாமலோ?"

"வாசலுக்கு இலக்கம் இல்லை ஐயா. ஆனா அவ கட்டாயம் அங்க நிப்பா. பதினெட்டு வருசமாக் காணாத ஆளைப் பாக்க வாறா."

சிற்றம்பலம் அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. சிற்றம்பலம் வேறொன்றும் கேட்காமல் பேனையை எடுத்து, அம்மா சொன்னதை எழுதினார். 'பிழையான ரயில். வருகிறேன். தயவுசெய்து நில்.'

"நூதனசாலைக் கந்தோருக்குப் போகட்டும். அங்க இருக்கிற ஆக்கள் வாசலில குடுப்பினம்," என்றார்.

இருவரும் ஓடினார்கள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த அம்மா என்ன வேகமாக ஓடினார்! இளையதம்பி லொறியை உறுமவிட்டுப் புறப்படுகிற நேரம். ஜொஹறா அம்மாவின் குடையை வாங்கி, தெரு நடுவில் நின்று விரித்து மறித்தாள்.

விசயத்தைக் கேட்ட இளையதம்பி தலையைச் சொறிந்தார். "கூட்டிக்கொண்டு போவன். ஆனா அம்மா, சீற்று கிழிஞ்சு போச்சு. வில்லெல்லாம் குத்தும். சேவல் ஒண்டும் கொண்டு போறன்."

"தம்பி, நான் யானையில போனனான். ஆடு ஏத்தின கப்பலிலயும் போனனான். சேவலைத் தாரும், மடியில வைச்சிருக்கிறன்," என்று சொல்லியபடியே அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டார்.

லொறி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. யன்னலுக்குள்ளால் தொப்பி ஒன்று வெகு தூரம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு ஜொஹறாவால் ஒழுங்காகக் கோப்பை கழுவ முடியவில்லை. ஒரு மணி ஆனது. இரண்டு மணி ஆனது. லொறி போய்ச் சேர்ந்திருக்குமா? தந்தி போயிருக்குமா? கண்டி பஸ் புறப்பட்டிருக்குமா? கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவினாள்.

நாலரை மணிக்குத் தந்திச் சேவகர் சைக்கிளில் வந்து கடைக்கு முன்னால் இறங்கினார். கடையில் இருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்தார்கள். தந்தி என்றால் யாரோ செத்துப்போன செய்திதான் வரும் என்று எல்லாருக்கும் பயம். றவூப் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"ஆருக்கு?"

"ஜொஹறாவுக்கு," என்றார் சேவகர். அவருக்கே அது அதிசயமாக இருந்தது.

தந்தி ஆங்கிலத்தில் இருந்தது. தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஸ்ரேசன் கிளாக்கர் மயில்வாகனம் அதை வாங்கி, ஒரு தரம் தனக்குள் வாசித்தார். அவருடைய மீசைக்குக் கீழே சிரிப்பு வந்தது. பிறகு தமிழில் சத்தமாகச் சொன்னார்:

"நாகேஸ்வரி வாசலில் நின்றாள். கண்டி பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டாள். வரும் சனிக்கிழமை இருவரும் வவுனியா பார்க்க வருகிறோம். ஜொஹறா காட்ட வேண்டும். கமலாசனி."

ஜொஹறா சந்தோசத்தில் ஒரு குதி குதித்தாள். உடனேயே திகைத்துப்போய் நின்றாள்.

"வாப்பா, வவுனியாவில என்னத்தைக் காட்டுறது?"

"இங்க என்ன இருக்கு காட்ட?" என்றார் றவூப்.

"ஏன் இல்லை?" என்று, நெல் விற்க வந்து மூலையில் இருந்த கமக்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டார். "பின்னேரம் குளத்துக்குக் கொக்கு வந்து இறங்கிறதைப் பாத்திருக்கிறியோ? ஊரே வெள்ளையா இருக்கும்."

"மரக்காலையில மலை மாதிரி முதிரை மரக்குத்தியை அறுக்கிறதைக் காட்டலாம்," என்றார் தந்திச் சேவகர். அவரும் தேநீருக்கு உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு ரயில் ஒண்டையொண்டு தாண்டுறதை ஸ்ரேசனில நிண்டு பாக்கோணும். நான் காட்டுறன்," என்றார் மயில்வாகனம்.

"அப்ப எங்கட கடைத் தேத்தண்ணி?" என்றார் றவூப். "அதை முதலாவதா எழுது மகள்!"

ஜொஹறா கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதத் தொடங்கினாள். ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டே போனார்கள். கடை பூட்டுகிற நேரம் அவள் மூன்றாவது தாளில் எழுதிக்கொண்டிருந்தாள்.