பிந்தி வந்த அழுகை

கப்பலில் இருந்த வில்பிரட்டால் மகள் ஸ்டெபியின் அடக்கத்துக்கு வர முடியவில்லை. அவருக்காக எடுத்த வீடியோவைத்தான் அவர் மனைவி கிளாடிஸ் டிவியில் போட்டிருந்தாள். புன்னைக்காயலில் பல வீட்டு ஆண்கள் தூரக்கடலில் இருப்பதால் துக்கத்தையும் படம்பிடித்து அனுப்புவார்கள். சவப்பெட்டியைச் சுற்றி உறவினர்கள் நின்றார்கள். எல்லோர் பார்வையும் ஸ்டெபியின் முகத்தில். மகன் அனிஷின் பார்வை மட்டும் அங்கே இல்லை.

அவன் அழுதுகொண்டிருந்த ஹில்டா அத்தையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜன்னல் வழியே கருவாட்டு வாடையும் அணைந்த மெழுகுவர்த்தியின் புகையும் கலந்து வர, ஆற்றுமுகத்தில் ஏதோ ஒரு படகின் இன்ஜின் நெருங்குவதும் ஓய்வதுமாக இருக்க, கிளாடிஸ் படத்தைப் பின்னுக்கு ஓட்டினாள். அழுகிற முகத்தைக் கண்டால் நம் பார்வை தானாகவே அதன் கண்களுக்குப் போகும். யாரும் கற்றுத்தருவதில்லை, பால் குடிக்கிற பிள்ளைகூடக் குடித்தபடியே அம்மாவின் கண்ணைத் தேடும். ஸ்டெபி தேடினாள். அனிஷ் தேடியதில்லை. கூச்சம் என்றே இத்தனை வருஷமும் கிளாடிஸ் நினைத்திருந்தாள்.

ஹில்டாவின் கீழுதடு ஒரு பக்கமாகக் கோணியது. ஒரு மூச்சு கழித்து அனிஷின் உதடும் அதே பக்கம் கோணியது. ஹில்டா முந்தானையால் வாயைப் பொத்தினாள். அவன் கைக்குட்டையால் பொத்தினான்.

மறுபடி ஓட்டினாள். மறுபடி அதே.

"யம்மா, எத்தன தடவதான் பாப்ப? சினிமாவா ஓடுது?"

வாசலில் அனிஷ். சிரித்தான்.

"ஏலே, அவ படகுலேர்ந்து விழுந்தப்ப உறங்கிட்டேன்னுதான சொன்ன?"

"ஆமா."

"உள்ளதச் சொல்லு. நான் ஏச மாட்டேன்."

எதிரே வந்து உட்கார்ந்தான். அவன் பார்வை அவள் உதட்டில் நின்றது.

"முழிச்சுத்தான்மா இருந்தேன்."

"கயிறு எறிஞ்சிருக்கலாம்லா?"

"எறிஞ்சிருக்கலாம். அவ மூஞ்சி மாறிக்கிட்டே இருந்துச்சா, பாத்துட்டே இருந்துட்டேன். காட்டட்டா?"

கிளாடிஸ் படத்தை நிறுத்தினாள்.

அனிஷ் முகத்தைத் தளரவிட்டான். நெற்றி சுருங்கியது. வாய் திறந்தது. அம்மா என்று கூப்பிடத் தொடங்கி, தண்ணீர் புகுந்து நின்றுபோன வாய். பயந்தால் ஸ்டெபிக்கு இடது புருவம் மட்டும் ஏறும்.

ஏறியிருந்தது.

சவப்பெட்டியில் இருந்த முகத்தில் மகள் இல்லை. இதில் இருந்தாள்.

கிளாடிஸ் கையை நீட்டினாள். அந்தக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டேம்ளா," என்றாள். "அம்மா வந்துட்டேன்."

முகம் கலையவில்லை. அவள் கைகளுக்குள் அப்படியே, மூச்சுக்குத் திணறியபடி, கண்ணில் ஒரு துளி ஈரமில்லாமல் இருந்தது.