கர்ப்பச்செல் போக

வெள்ளிக்கிழமை பிற்பகலில் தில்லைநாயகியை வேறெங்கும் பார்க்க முடியாது. அலுவலகத்தில் தலைபோகிற வேலை இருந்தாலும் சரி, மூன்று மணிக்கெல்லாம் ஈரோட்டுக் கருக்காப்பகத்தின் இரண்டாம் மாடிக்கு வந்து, தன் பிள்ளையின் பேழைக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். பேழை என்பது பெயருக்குத்தான். பார்க்கப் பெரிய பால்கேன் மாதிரி இருக்கும், நடுவில் ஒரு கண்ணாடி. உள்ளே மங்கலான நீரில் அவள் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். ஆறு வருடமாகத் தூங்குகிறான்.

"என்ன கண்ணு, எந்திரிக்கற யோசனையே இல்லையா உனக்கு?" என்று மைக்கில் கேட்டாள்.

துயில்நிலையில் இருக்கும் பிள்ளைக்குக் காது கேட்காது என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை எந்தத் தாய் மதித்தாள்? பக்கத்துப் பேழைக்காரி தாலாட்டே பாடிக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிடவும் வழியில்லை. பிறக்கும் நட்சத்திரம் தெரிந்தால்தானே பெயருக்கு முதலெழுத்து கிடைக்கும்? அதனால் அந்த மாடி முழுக்கக் கண்ணும் தங்கமும் செல்லமும்தான்.

முன்னெல்லாம் பிள்ளை பிறந்த பிறகு ஜாதகம் எழுதினார்கள். செயற்கைக் கருப்பை வந்தது, அந்த வரிசை தலைகீழாகிவிட்டது. பத்து மாதத்தில் பிள்ளை தயார், ஆனால் நல்ல நேரமும் தயாராக வேண்டுமே! அதுவரை வளராமல் தூங்க வைக்கலாம் என்று கண்டுபிடித்ததும் யார் சும்மா இருப்பார்கள்? எப்போது பிறந்தால் எந்தக் கிரகத்தின் தசை முதலில் நடக்கும், அது எத்தனை வருடம், அடுத்தது எது என்று நூறு வயது வரைக்கும் காலக்கணியம் என்ற எந்திரம் கணக்குப் போடும். அது தலையாட்டினால்தான் பேழை திறக்கும். பள்ளிக்கூடமா, வேலையா, வீடா, எல்லாவற்றுக்கும் தசை பார்த்துத்தான் அனுமதி. தில்லையே குடியிருப்பு ஒதுக்கீட்டு அலுவலகத்தில், "உங்களுக்கு இந்த புக்தி முடியட்டும், அப்புறம் வாங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள்தான்.

இந்த ஆறு வருடத்தில் அக்கம்பக்கத்துப் பேழைகள் எத்தனையோ காலியாகிவிட்டன. ஒவ்வொருத்தியும் லட்டு கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவாள். தில்லை சிரித்து வாங்கிக்கொண்டு, கழிவறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள்.

அன்றைக்குத் திறப்பு அதிகாரி மரகதவல்லி வேகமாக வந்தாள். பின்னாலேயே தில்லையின் கணவன் சேந்தன். வேலை நாளில் இவர் எப்படி வந்தார் என்று தில்லைக்குப் பகீரென்றது.

"நேரம் வந்துருச்சு அம்மிணி! இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சேகாலுக்கு. பூர நட்சத்திரம், பொறக்கையிலேயே சுக்கிர தசை. ராசா மாதிரி வளருவான்" என்றாள் மரகதவல்லி.

தில்லை எழுந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது. ஆனால் சேந்தன் சிரிக்கவில்லை.

"முழுசாச் சொல்லுங்க மேடம்" என்றான்.

மரகதவல்லி தயங்கினாள். "அப்பா ஜாதகத்தோட அருமையாப் பொருந்துது. உங்க ஜாதகத்தோடதான் தசா சந்தி வருது அம்மிணி."

ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே வருடத்தில் தசை மாறினால் அது சந்தி. அந்தக் காலத்தில் கல்யாணப் பொருத்தம் பார்க்கும்போது இதற்குப் பயந்து வரன்களைத் தள்ளினார்கள். இப்போது சட்டமே அதுதான். பையனுக்குப் பதினாறு வயதில் சுக்கிர தசை முடிகிறது, அதே வருடம் தில்லைக்குச் சனி தசை முடிகிறது.

"அதுக்கு இன்னும் பதினாறு வருசம் இருக்குதுங்களே!"

"கணியத்துக்குப் பதினாறு வருசமும் ஒண்ணுதான், நாளைக்கும் ஒண்ணுதான். ரெண்டு வழி இருக்கு. காத்திருக்கலாம், அடுத்த நேரம் ஒம்பது வருசம் கழிச்சு வருது. இல்லைன்னா தாய்ப் பதிவை எடுத்துரலாம். ஒரே கூரைக்குக் கீழ இல்லாதவங்களுக்குச் சந்தி கிடையாது. அப்பாகூட வளருவான்."

"நானு?"

"வேற வீட்டுல இருந்துட்டு, விருந்தாளி மாதிரி வந்து பார்த்துட்டுப் போலாம். அம்மான்னு யாரும் சொல்லக்கூடாது."

தில்லைக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "நேரமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்! இப்பவே திறங்க. எம் பையனை நான் எடுத்துட்டுப் போறேன்."

"நேரமிலியாவா?" மரகதவல்லி குரலை உயர்த்தவில்லை. "திறந்து குடுத்தர்றேன், அதுக்கும் சட்டம் இருக்கு. நேரமிலி ஒருத்தன் உங்க ஆபீசுக்கு வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

போன மாதம் அப்படி ஒருவன் வந்தான். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் இருக்கும். பெண்டாட்டி கையில் துணிப்பை. அவன் ஜாதகத்தில் தசைக்கான இடம் வெறுமையாக இருந்தது. தில்லை அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல், "அடுத்த ஆளு வாங்க" என்றாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் நகராமல் நின்றது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சேந்தன் அவள் கையைப் பிடித்தான். "காத்திருக்கலாம் தில்லை. ஆறு வருசம் இருந்துட்டோம், ஒம்பது வருசம் இருக்க மாட்டமா?"

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பிள்ளை கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு தூங்கினான். ஒரு தடவை பசித்ததில்லை, ஒரு தடவை அழுததில்லை, மழை என்றால் என்னவென்று தெரியாது.

"எனக்கு எவ்வளவு ஆசை தெரியுங்களா? இவன் என் இடுப்புல உக்காந்து முடியைப் புடிச்சு இழுக்கோணும். சோறு வேண்டாம்னு துப்போணும். ராத்திரியெல்லாம் தூங்க விடாம படுத்தோணும். அந்த ஆசைக்காக இன்னும் ஒம்பது வருசம் இவனைத் தண்ணிக்குள்ளயே போட்டு வெக்கறதா? மாட்டேங்க."

தாய்ப் பதிவை எடுக்கச் சம்மதம் என்று, மரகதவல்லி நீட்டிய திரையில் தில்லை விரலை வைத்தாள்.

பதிவில் இல்லாதவர்களுக்குத் திறப்பறையில் இடமில்லை. அவள் நடைக்கூடத்தில் சுவரோடு சாய்ந்து நின்றாள். அஞ்சேகாலுக்கு உள்ளேயிருந்து ஓர் அழுகை கிளம்பியது. அப்பப்பா, என்ன தொண்டை! ஆறு வருடத்து அழுகையையும் சேர்த்து அழுதான் போலிருக்கிறது. தில்லை சிரித்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் சேந்தன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கையில் அப்போதுதான் அச்சான ஜாதகம்.

"படிங்க, கேக்கறேன்."

"கர்ப்பச்செல் போக, சுக்கிர தசை இருப்பு வருசம் பதினாறு" என்று படித்து நிறுத்தினான்.

"சுக்கிரனுக்கு மொத்தம் இருவது இல்லைங்களா?"

"ஆமா. நாலு வருசம் பொறக்கறதுக்கு முன்னாடியே செலவாயிருச்சுன்னு கழிச்சிருவாங்க. எல்லா ஜாதகத்துலயும் இப்படித்தான் எழுதுவாங்க."

"செலவாகலைங்க." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த நாலும் என்கூட இருந்தான். அவன் பெரியவனாகி இதைப் படிக்கறப்ப, கழிச்சது யாரைன்னு மட்டும் சொல்லிருங்க."

சேந்தன் தலையாட்டினான். உள்ளே பிள்ளையை யாராலும் சமாதானப்படுத்த முடியவில்லை. தில்லை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படியிறங்கினாள்.