வானக்கப்பலுக்குக் கீழே ஒரு பெயர்

குர்னா மலையடியில் வேன் வந்து நின்றபோது உச்சிவெயில். இறங்கிய ஐந்து பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்கள். வேற்றுக் கிரகத்துக்காரர்களைத் தேடி எகிப்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான். காலடியில் தேள் கிடந்தாலும் தெரியாது.

வழிகாட்டி ஹெல்மிக்கு இவர்களைப் பிடிக்கும். கேள்வி குறைவு, கை தாராளம்.

கல்லறை வாசலில் காவலர் ஷஹாத்தா, வெள்ளித்தாள் ஒட்டிய அட்டையைத் தூக்கிப் பிடித்து நின்றார். அவர் ஹெல்மிக்குத் தாய்மாமன். உள்ளே விளக்கு கிடையாது. அந்த அட்டையில் பட்டுத் திரும்பும் வெயில்தான் வெளிச்சம்.

"என்ன மாப்ள, உன் கப்பல் இன்னைக்குப் பறக்குமா?"

"நீங்க ஆட்டாம பிடிங்க மாமா. அது தானா பறக்கும்."

"பொண்ணுக்கு இன்னும் பேர்கூட வைக்கல. அதுக்குள்ள அப்பன் விடுற கதையப் பாரு."

"நாளைக்கு ஏழாம் நாள். பேரை மெழுகுவத்தி பாத்துக்கும்."

சிரித்துக்கொண்டே எல்லோரையும் உள்ளே அழைத்துப் போனான்.

படிகள் இறங்க இறங்கக் காற்று கனத்தது. வௌவால் நாற்றம். சுவரின் நடுவில் தட்டு போல ஒரு வட்ட வெளிச்சம் விழுந்திருந்தது. அதற்குள் சூரியனின் படகு, வானத்தில் மிதக்கும் படகு, கல்லில் செதுக்கப்பட்டு நின்றது.

படகுக்குக் கீழே முன்பு ஒரு வேண்டுதல் இருந்தது. கோயிலில் பாடிய ஒரு பெண்ணின் வேண்டுதல். இந்த வழியே போகிற உயிருள்ளவர்களே, என் பெயரை ஒருமுறை சொல்லுங்கள், உங்களுக்கு ஆகும் செலவு ஒரு மூச்சுதான் என்று கெஞ்சியிருந்தாள். பெயர் நெபெத்தா. பழைய எழுத்தைப் பல்கலைக்கழகத்தில் படித்தவன் ஹெல்மி. அவனால் அதை எழுத்துக்கூட்டாமலே வாசிக்க முடியும்.

ஆனால் அந்த வேண்டுதல் இருக்கும்வரை படகு வெறும் படகாகத்தான் தெரிந்தது. போன குளிர்காலத்தில் நைல் களிமண்ணைக் குழைத்து, பெருவிரலால் அழுத்தி அழுத்தி, அந்த வேண்டுதலைப் பெயரோடு சேர்த்து மூடினான். கடைசியில் இரண்டு கோடுகளை மட்டும் விட்டுவைத்தான். அவை படகுக்குக் கால்களாயின. படகு, தரையிறங்கும் வானக்கப்பலாயிற்று. அன்றிலிருந்து கூட்டத்துக்குக் குறைவில்லை.

கதையை வழக்கம்போல் அளந்து முடித்தான். வைக்கோல் தொப்பி போட்ட பெண்மணி மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"இங்க யாரைப் புதைச்சிருந்தாங்க?"

"யாரையும் இல்லம்மா. இது கல்லறையே இல்ல. கப்பல் இறங்கின இடம்."

"பேர் ஏதாவது இருக்குமே?"

"பேரெல்லாம் கிடையாது."

வெளிச்சம் நகர்ந்தது.

"மாமா, ஆட்டாதீங்க," என்று குரல் கொடுத்தான்.

வட்டம் படகைத் தாண்டி, கால்கள் வழியாக இறங்கி, களிமண் பூசிய இடத்தில் வந்து நின்றது. அசையவில்லை. ஈரமண் வாசனை எழுந்தது. ஹெல்மி விரலை வைத்துப் பார்த்தான்.

ஈரம்.

போன குளிர்காலத்து மண்.

அதன் பின்னாலிருந்து வெதுவெதுப்பான மூச்சு ஒன்று அவன் விரலில் பட்டது.

எப்படிப் படியேறினான் என்று அவனுக்கே தெரியாது. வெளியே வானமெல்லாம் புழுதி. ஷஹாத்தா நிழலில் குந்தித் தேநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். அட்டை தரையில் குப்புறக் கிடந்தது.

"எப்ப மாமா கீழ வெச்சீங்க?"

"நீங்க உள்ள போனதுமே. புழுதி வந்து வெயில மறைச்சிருச்சு. இருட்டுலயும் கதை விடுறானே பயன்னு நெனச்சேன்."

மற்றவர்கள் கைப்பேசியில் பிடித்த வெளிச்சத்தைக் காட்டிக் காட்டிக் கூத்தாடினார்கள். தொப்பிப் பெண்மணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "உங்களாலதான் பார்த்தோம். நீங்க சொன்னது அத்தனையும் உண்மை."

அப்போதாவது அந்தப் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஒரு மூச்சு போதும்.

"அது சில பேர் கண்ணுக்குத்தான் தெரியும்," என்றான் ஹெல்மி. சொல்லி முடித்ததும் வெட்கத்தில் காது மடல்கள் சுட்டன.

மறுநாள் வீடு நிறையப் பெண்கள். பித்தளை உரலை இடித்து ஓசை எழுப்பினார்கள். குழந்தையைச் சல்லடையில் துணி விரித்துக் கிடத்தி ஆட்டினார்கள். பிறகு மூன்று மெழுகுவத்திகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். கடைசிவரை எரிவது எதுவோ அதன் பெயர்தான் குழந்தைக்கு.

மூன்றும் சேர்ந்தாற்போல் அணைந்தன.

மறுபடி ஏற்றினார்கள். மறுபடி அணைந்தன. ஜன்னல்கள் சாத்தியே இருந்தன. உரல் ஓசை நின்றுபோனது.

மனைவி ஸுஹேர் அவன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, எம் பொண்ணுக்குப் பேரே கிடையாதா?"

நேற்றுக் கல்லறையில் அவன் வாயிலிருந்து வந்த சொல் அது. ஹெல்மி எழுந்து கல்லறைக்கு ஓடினான்.

"விசேஷத்த விட்டுட்டு இங்க என்னடா வேலை?" என்று கேட்டபடியே ஷஹாத்தா அட்டையைத் திருப்பினார். ஹெல்மி நகத்தால் களிமண்ணைச் சுரண்டினான். இன்று அது காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடியில் எழுத்து இல்லை, கோடு இல்லை. கைபட்டால் வழுக்குகிற வெறுங்கல். "நெபெத்தா, நெபெத்தா" என்று தொண்டை கட்டும்வரை சொன்னான்.

அவள் அங்கே இல்லை.

திரும்பி வந்தபோது வீட்டில் குலவைச் சத்தம் கேட்டது. ஸுஹேர் முகமெல்லாம் சிரிப்பு.

"எங்க போயிட்டீங்க? நாலாவதா ஒரு மெழுகுவத்தி நின்னுச்சு. யாரு வெச்சான்னே தெரியல. அது மட்டும் அணையல. என்ன பேரு சொல்லன்னு முழிச்சோம், எல்லார் வாயிலயும் ஒரே பேரு வந்துச்சு."

"என்ன பேரு?" தெரிந்தேதான் கேட்டான்.

"நெபெத்தா. நல்லாருக்குல்ல? யாரு பேருங்க அது? படிச்சவரு, நீங்கதான் சொல்லணும்."

அத்தனை முகங்களும் அவனைப் பார்த்தன. அவனால் ஒரு முகத்தையும் பார்க்க முடியவில்லை.

"தெரியல," என்றான்.

சல்லடையில் குழந்தை கண்ணைத் திறந்தது. அழவில்லை. அவனையே பார்த்தது.

ஸுஹேர் அதை வாரி எடுத்தாள். துணிக்கு அடியில் ஒரு பிடி ஈரக் களிமண் இருந்தது. அதன் நடுவில் ஆழமாக ஒரு பெருவிரல் பதிந்திருந்தது.

"யாரு விரலுங்க இது?"

ஹெல்மி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.