சிலையின் இடப்பக்கம்

பகல் 1.40.

கட்டணம் வாங்காத அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வெயிலுக்கு ஒதுங்குகிறவர்கள். இன்னும் கொஞ்சம் பேர் கழிப்பறைக்கு. ஓய்வு பெற்ற பஸ் மெக்கானிக் ஒருவர் மட்டும் தினமும் பத்து மணிக்குக் கதவு திறக்கும்போதே வாசலில் நிற்பார். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் பத்துமணி. அன்று முகம் கழுவிவிட்டுச் சிலைக்கூடத்துக்குத் திரும்பிய பத்துமணிதான் முதலில் அலறினார்.

கூடத்தின் காவல்காரம்மா தரையில் கிடந்தார். பின்மண்டையில் ஒரே அடி. பக்கத்தில் மேல் ஜன்னலைத் திறக்கும் பித்தளைக் கம்பி. அவருடைய சாப்பாட்டு டப்பாவில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

2.05. இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பதைத் தொடும் பெண்மணி. வாசலில் நின்று கூடத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

எதிர்ச்சுவரை ஒட்டி, வாசலைப் பார்த்தபடி ஒரு குதிரைவீரனின் கற்சிலை. குதிரை எந்தக் காலத்திலோ காணாமல் போய்விட்டதால் மனிதர் காலை அகட்டிக்கொண்டு அந்தரத்தில் சவாரி செய்துகொண்டிருந்தார். இன்ஸ்பெக்டருக்கு இடது கைப்பக்கம் காவல்காரம்மாவின் நாற்காலி, அருகே ஒரு கண்ணாடிப் பேழை. வலது கைப்பக்கம் பார்வையாளர் பெஞ்சு. நாற்காலிக்குப் பின்னால் ஒன்று, பெஞ்சுக்குப் பின்னால் ஒன்று எனச் சுவரின் அடியில் இரண்டு காற்றுத் துவாரங்கள்.

பேழை திறந்து கிடந்தது. உள்ளே இருந்த உள்ளங்கை அளவு ஓவியம், தந்தத்தில் தீட்டிய ஒரு பெண்முகம், இல்லை. காவல்காரம்மாவின் சாவிக்கொத்தும் இல்லை.

"கேட்டைப் பூட்டிட்டோம் மேடம். பையைச் சோதிக்காம ஒருத்தரையும் வெளிய விடல," என்றார் சார்ஜென்ட்.

"அப்போ படம் உள்ளதான் இருக்கு."

2.30. பத்துமணி. சட்டையெல்லாம் ரத்தம்.

"இது எப்படி வந்தது?"

"தலையைத் தூக்கி மடியில வெச்சேம்மா. உயிர் இருக்குமோன்னு."

"எதுக்குத் தினமும் வர்றீங்க?"

"பொண்ணு வேலைக்குப் போயிட்டா வீட்டுல பேச ஆள் இல்ல. இங்க அந்தம்மா அந்த நாற்காலில, நான் இந்த பெஞ்சுல. நாலு வருஷமாப் பேசிட்டிருக்கோம்."

"இன்னைக்கு என்ன பேசினீங்க?"

"'அந்தப் படத்துல இருக்கறவ இப்பல்லாம் என்னைப் பாக்க மாட்டேங்கறா'ன்னாங்க. நான் சிரிச்சேன். 'சிரிக்காதீங்க, எட்டு வருஷம் அவ மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். மேல சொல்லத்தான் போறேன்'னாங்க." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் சிரிச்சிருக்கக் கூடாதும்மா."

2.50. இயக்குநர். ஐந்து மாதம் முன்புவரை குடிநீர்த் துறையில் குழாய்களை மேய்த்தவர்.

"உங்ககிட்ட அந்தம்மா ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல. அவங்க நாற்காலி சிலைக்கு இடப்பக்கம், என் ஆபீஸ் மாடியில. நாங்க பாத்துக்கறதே அபூர்வம்."

"அந்தப் படத்தைக் கடைசியா யார் வெளிய எடுத்தது?"

"மூணு மாசம் முன்னாடி சுத்தம் பண்ணணும்னு பதிவாளர் எடுத்துட்டுப் போய்த் திரும்ப வெச்சார். மேடம், நாளைக்குக் கூடத்தைத் திறக்கணும்..."

ஒரு உயிர் போன தரையை அதற்குள் கழுவித் துடைக்கத் துடித்த அந்த மனிதரை இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காதது சாட்சியம் ஆகாதே.

3.05. பதிவாளர். அருங்காட்சியகத்துப் பொருள் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, விவரம் எழுதிவைப்பவர். இருபத்திரண்டு வருட சர்வீஸ்.

"அந்தம்மாவைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"ஒரு மணிக்கு இந்த வழியாப் போனேன். சிலைக்கு வலப்பக்கம், நாற்காலில உக்காந்து டப்பாவைத் திறந்துட்டிருந்தாங்க. அதுக்கப்புறம் நான் என் ரூமை விட்டு வரல."

3.20. வாசலில் இருக்கும் கருத்துப் பெட்டியைத் திறந்த சார்ஜென்ட் ஒரு சீட்டுடன் ஓடிவந்தார். கொட்டை எழுத்து. கையெழுத்து இல்லை.

'தினமும் வரும் ஆள் சாவிக்கொத்தைச் சிலையின் இடப்பக்கத் துவாரத்தில் போட்டதை வாசலிலிருந்து பார்த்தேன். பயமாக இருக்கிறது. ஒரு பார்வையாளர்.'

சார்ஜென்ட் நாற்காலிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். தூசிதான் வந்தது. பிறகு பெஞ்சுக்குப் பின்னால் கைவிட்டார். சாவிக்கொத்து சிக்கியது.

"பயத்துல இடம் வலம் மாத்தி எழுதிட்டான் மேடம். அதனால என்ன, அந்தாளோட பெஞ்சுக்குப் பின்னாடியே இருக்கு! விலங்கு மாட்டிடலாமா?"

கேட்டுக்கு வெளியே பத்துமணியின் மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் சீட்டை இரண்டாவது முறை படித்தார். பிறகு சிலைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

4.15. எல்லோரும் கூடத்தில். பத்துமணி பெஞ்சில் உட்கார மறுத்து நின்றார்.

"வாசல்ல நின்னு பாக்கறவனுக்கு சாவி கிடந்தது வலப்பக்கம்," என்றார் இன்ஸ்பெக்டர். "சீட்டுல இடப்பக்கம்னு இருக்கு. சிலைக்குப் பின்னாடி சுவர், அந்தப் பக்கம் நின்னு பாத்திருக்க முடியாது. தப்பா எழுதினதாத்தான் நானும் முதல்ல நினைச்சேன். அப்புறம் இதைப் படிச்சேன்."

பதிவேட்டை விரித்தார். "'சிலையின் வலப்பக்கச் சுவரில் ஈரக்கறை.' கறை எங்க இருக்கு சார்ஜென்ட்?"

"நாற்காலிக்கு மேல... நமக்கு இடப்பக்கம்."

"இந்த ஆபீஸ்ல இடம் வலம் நம்மளோடது இல்ல, சிலையோடது. சிலைக்கு எது வலது கையோ அதுதான் வலப்பக்கம். பழக்கப்பட்ட கை அப்படித்தான் எழுதும். சீட்டு எழுதினவர் எதையும் மாத்தல, சரியாத்தான் எழுதியிருக்கார். ஆனா தெருவுலேருந்து வந்த பார்வையாளர் அப்படி எழுத மாட்டார்."

இயக்குநர் குறுக்கிட்டார். "நானும் இந்த ஆபீஸ்தானே..."

"நீங்க நாற்காலி இடப்பக்கம்னீங்க, வெளியாள் மாதிரி. ஒருத்தர் மட்டும் வலப்பக்கம்னார்." இன்ஸ்பெக்டர் திரும்பினார். "நீங்க, பதிவாளர் சார். மூணு மாசம் முன்னாடி நிஜப் படத்தை வித்துட்டு நகலை வெச்சீங்க. அந்தம்மா கண்டுபிடிச்சு, மேல சொல்லணும்னு உங்ககிட்டயே வந்து சொன்னாங்க. நகல் பரிசோதனைக்குப் போனா நீங்க காலி. அதனால அவங்களைக் கொன்னு, நகலை எடுத்துட்டு, பழியை பெஞ்சுல இருக்கறவர் மேல போட்டீங்க."

"வெறும் ஒரு வார்த்தையை வெச்சா?" என்றார் பதிவாளர்.

"வார்த்தை உங்க அறையைக் காட்டிச்சு. பதிவேட்டைப் படிச்சதும் நான் அனுப்பின காவலர் உங்க இழுப்பறைகளைப் பாத்தார்."

காவலர் துணியைப் பிரித்தார். உள்ளங்கை அளவில் ஒரு பெண்முகம்.

பதிவாளர் நாற்காலியில் உட்காரப் போனார். "அதுல உக்காராதீங்க," என்றார் பத்துமணி. அந்த முதல் அலறலுக்குப் பிறகு அவர் குரலை உயர்த்தியது அப்போதுதான்.

4.40. பதிவாளரை அழைத்துப் போனார்கள். மகளிடம் போகலாம் என்று பத்துமணியிடம் சொன்னார் இன்ஸ்பெக்டர். அவர் நகரவில்லை.

"அந்தப் படத்தை ஒருதரம் காட்டுவீங்களா? பேழைக்குள்ள ஒருநாள்கூட எட்டிப் பாத்ததில்ல. நான் இங்க வந்தது படம் பாக்க இல்லம்மா."

இன்ஸ்பெக்டர் துணியோடு பிடித்துக் காட்டினார். பத்துமணி நாற்காலியின் பக்கத்தில் போய், உட்கார்ந்தவரின் உயரத்துக்குக் குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

"ஆமா," என்றார். "இவ யாரையும் பாக்கல."